கயிற்றை இழுத்தது நீதான்

எதிர்வீட்டில் இன்று காலை யாரோ பனைவெல்லப் பாகை அடிபிடிக்க விட்டுவிட்டார்கள். தீய்ந்த வெல்லத்தின் வாசனை தெருவைத் தாண்டி என் பால்கனிக்கு வந்தது. வேறு யாருக்காவது பலகாரம் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு ரத்தம் நினைவுக்கு வந்தது. உன் வாயோரத்தில் தொடங்கிக் கழுத்துவரை ஒழுகிய ரத்தம். வெல்லப்பாகில் சிவப்புச் சாயம் கலந்து படப்பிடிப்பில் அந்த மேக்கப் பெண் உனக்குத் தடவியபோது, நீ நாக்கை நீட்டி ருசி பார்த்து, கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கலாம் என்றாய். அவள் பர்மாக்காரி, தமிழ் தெரியாது. நான் மட்டும் சிரித்தேன்.

இன்று சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த மாதம் முழுக்க எனக்கு வேறெதுவும் வருவதில்லை. நாம் நடித்த படம் வெளியாகிவிட்டது என்று சொல்லத்தான் உனக்கு எழுதுகிறேன். படுக்கையில் கிடந்தபோதும் வாராவாரம் கேட்டாயே, "வந்துருச்சாடி?" என்று. வந்துவிட்டது. வராமலே போயிருக்கலாம்.

கியாக்டடா பேட்டையில் அந்தக் கிளியரிங் ஆபீசில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து கப்பல் சரக்குக்குக் காகிதம் எழுதிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கு ஜாம்பிப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. ஆபீஸ் மூடியபின் நான் கொரியப் படங்களுக்குப் பர்மிய மொழியில் சப்டைட்டில் எழுதிப் பிழைக்கத் தொடங்கினேன். நீ கணக்கு டியூஷன் எடுத்தாய். ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயில் பூசை முடிந்து வருவதற்குள் நீ என் வாசலில் நிற்பாய். கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்பதைப் பொறுத்துத்தான் நம் படம். பாதியில் போய்விட்டால் மீதிக் கதையை நீ வாயாலேயே சொல்லி முடிப்பாய். நிஜ முடிவைவிட உன் முடிவு பல நேரம் நன்றாகவே இருக்கும். என்ன, உன் கதையில் எப்போதும் பணக்காரன்தான் முதலில் கடிபடுவான்.

ஜாம்பி விஷயத்தில் உனக்கென்று ஒரு கட்சி இருந்தது. அமெரிக்கப் படம் என்றால் எரிச்சல்படுவாய். செத்தவன் எழுந்து வருகிறான், மண்டையில் சுடுகிறார்கள், அடுத்தவன் வருகிறான், அவனையும் சுடுகிறார்கள். செத்தவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒருத்தனாவது கேட்கிறானா என்பாய். கிழக்கே வந்தால் கதை வேறு. கொரியாக்காரர் எடுத்தால் செத்து வருகிறவன் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும், இல்லாவிட்டால் பள்ளிச் சீருடை போட்டிருப்பான். அவனைப் பார்த்து அழ எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும். பயம் அங்கே கடியில் இல்லை, உள்ளே இருக்கிறவர்கள் தாழ்ப்பாள் போடும் கதவில் இருக்கிறது என்பாய். ஜப்பான்காரர் கையில் காசில்லாவிட்டாலும் எடுப்பார், முக்கால் படம் சிரிக்க வைப்பார், கடைசியில் அந்தப் பிணத்துக்கும் ஒரு குடும்பத்தைக் காட்டி நம்மைக் கவிழ்த்துவிடுவார். தைவான் படம் ஒன்றை உன்னால் பார்க்கவே முடியவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய். ஆனால் அதிகாரி டிவியில் வந்து எல்லாம் நலம், வீட்டிலேயே இருங்கள் என்று சொன்ன இடத்தில் மட்டும் முந்தானையை விலக்கி, "இதத்தான்டி பாக்கணும்" என்றாய். அப்போது வெளியே நோய்த்தொற்றால் நம் தெருவும் அடைத்துத்தான் கிடந்தது.

இதற்கெல்லாம் வேர் சீனர்பேட்டை லத்தாவில் இருக்கிறது என்பது உன் இன்னொரு வாதம். சின்ன வயதில் லத்தாவில் ஒரு சீனர் கடையில் வீடியோ கேசட் வாடகைக்கு எடுப்போம். நெற்றியில் மஞ்சள் காகிதம் ஒட்டிய பிணங்கள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குதித்துக் குதித்துப் போகும். நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். கடைக்காரர் ஒருநாள் உன்னிடம் சொன்னாராம், அந்தப் பிணங்கள் யாரையும் பிடித்துத் தின்னப் போகவில்லை, பிழைக்கப் போன ஊரில் செத்தவர்கள், மந்திரம் தெரிந்த ஒருவன் மணி அடித்து அவர்களை வீட்டுக்கு நடத்திக்கொண்டு போகிறான் என்று. இப்போது கொரியாவிலும் ஜப்பானிலும் எடுக்கிறவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பழைய பிணத்தின் வீட்டை மறுபடி தேடிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் என்பாய். "பசி இல்லடி அது. ஊருக்குப் போற அவசரம்" என்றாய். ஜாம்பி என்ற பேரே கரும்புத் தோட்டத்து அடிமைகளிடமிருந்து வந்தது, செத்தபின்னும் எழுப்பி வேலை வாங்குவார்களோ என்று அவர்கள் பயந்த பயம் அது என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கக் கப்பலேறி வந்த உன் பூட்டனை உடனே அதில் சேர்த்துவிட்டாய்.

நான் எளிதில் ஒத்துக்கொள்கிற ஆளா. கண்ணீர் விலைபோகிறது, அதனால் ஜாம்பிக்கும் கண்ணீர் வைக்கிறார்கள், எல்லாம் வியாபாரம் என்பேன். அப்புறம் இரண்டு நாளைக்கு நீ என்னோடு பேசமாட்டாய்.

சினிமாக் கம்பெனிக்காரன் ஒருவன் நம் தெருவுக்கு வந்தது அப்படி நீ பேசாமல் இருந்த ஒரு நாளில்தான். கொரியா தரத்தில் ஜாம்பிப் படம் எடுக்கிறோம், கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றான். ஏன் குறிப்பாக எங்கள் தெரு என்று கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னான். கறுப்பாக இருப்பவர்களுக்கு மேக்கப் செலவு குறைவாம். அதோடு நம் கோயில் திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர்களை டைரக்டர் பார்த்திருக்கிறாராம், அந்த நடைதான் வேண்டுமாம், அவர்களையே அனுப்பச் சொன்னாராம். அவன் சட்டையைப் பிடிக்கலாம் என்று எழுந்தேன். நீ என் கையை அழுத்தி உட்கார வைத்தாய். கொரியா என்ற சொல் உன் காதில் விழுந்தபின் வேறென்ன கேட்கும் உனக்கு.

படப்பிடிப்பு அன்று நம் ஆட்கள் பண்ணிய கூத்தை மறக்க முடியுமா. சினிமாவாகவே இருக்கட்டும், கூப்பிட்டது சாமி ஆடுகிறவர்களைத்தானே, சுத்தமில்லாமல் எப்படிப் போவது என்று பேசி முடிவு செய்து, விரதம் இருந்து, தலைக்குக் குளித்து, மஞ்சள் துணி கட்டி, கையில் வேப்பிலையோடு வந்து வரிசையாக நின்றார்கள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. கம்பெனி கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை ஒருவரும் தொடவில்லை. டைரக்டருக்கு ஏகக் குஷி. மஞ்சள் துணியோடேயே நிற்கட்டும், அதன்மேல் ரத்தத்தை ஊற்றுங்கள் என்றார்.

நீ நடுவில் போய் நின்றாய். இங்கே வாத்தியாரையும் டாக்டரையும் டைரக்டரையும் சயா என்றுதானே மரியாதையாக அழைப்போம். நீயும் சயா, சயா என்று கூப்பிட்டு, இது பொருந்தாது என்று பர்மிய மொழியில் பொறுமையாக எடுத்துச் சொன்னாய். அப்புறம் நம் ஆட்கள் பக்கம் திரும்பித் தமிழில் ஒரு பிடி பிடித்தாய்.

"சாமி வந்தா உசுரு கூடுது. இவங்க கேக்கறது உசுரு போன நட. ரெண்டும் ஒண்ணா? மஞ்சத்துணிய அவுத்து மடிச்சு வைங்க. வேலைக்குப் போற துணியோட வாங்க."

அவர்கள் போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பார்த்துச் சேர்த்து வைத்ததெல்லாம் அன்று வெளியே வந்தது. கண்ணை உருட்டாதீர்கள், உறுமாதீர்கள், தலைதான் செத்திருக்கிறது, கை இன்னும் சாகவில்லை, அது தினமும் செய்கிற வேலையைச் செய்துகொண்டே வரட்டும் என்றாய். டீக்கடைக்காரர் இல்லாத டம்ளரில் இல்லாத டீயை ஆற்றிக்கொண்டே காலை இழுத்து இழுத்து நடந்தார். பஸ் கண்டக்டர் ஒருவர் தலைக்குமேல் கம்பியைப் பிடித்த மாதிரி ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, சூலே சூலே என்று நிறுத்தத்தின் பெயரைச் சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டு வந்தார். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் என்ன செய்வீர்கள் என்று டைரக்டர் உன்னைக் கேட்டார். நீ தெருக்கோடிக்குப் போய் அங்கிருந்து நடந்து வந்தாய். உன் வீட்டுக் கட்டிடத்தின் முன்னால் வந்ததும் நின்றாய். ஆறாவது மாடி பால்கனியிலிருந்து உன் வீட்டுக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் எல்லா மாடி வீட்டிலிருந்தும் தொங்குகிற கயிறுதான். கீழ் நுனியில் கிளிப், மேலே மணி. கீழே இழுத்தால் மேலே மணியடிக்கும், சாவி இறங்கி வரும். நீ கையைத் தூக்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தாய். ஆளில்லாத உன் வீட்டில் மணி அடித்தது. நீ முகத்தை உயர்த்திப் பார்த்தபடி, சாவி வந்து விழும் இடத்தில் உள்ளங்கையைக் குழித்து வைத்துக்கொண்டு நின்றாய். பசி இல்லை, வெறி இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஒருத்தி நிற்கிற மாதிரி நின்றாய். மேலே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை இழுத்தாய், முன்னதைவிட மெதுவாக, தொந்தரவு செய்கிறோமோ என்பது போல.

மேக்கப் பெண் அழுதுவிட்டாள். கொரியாவில்கூட இப்படி யாரும் யோசித்ததில்லை என்றார் டைரக்டர். என் காதால் கேட்டேன். நீ அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். படம் முடிந்து எழுத்து ஓடும்போது உன் பெயரும் ஓட வேண்டும். கட்டாயம் என்று தலையை ஆட்டினார். மீன்காரியின் தராசை இரண்டு முறை சோதித்துப் பார்க்கிற நீ, தொப்பி போட்ட ஒருவன் தலையை ஆட்டியதும் நம்பிவிட்டாய். அதற்காக உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

சாயங்காலம் எல்லாப் பிணங்களையும் குவித்துப்போட்டு எரிப்பதாக ஒரு காட்சி எடுத்தார்கள். நீயும் நானும் அந்தக் குவியலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். அத்தோடு நம் நடிப்பு முடிந்தது.

படம் நின்றுபோனது. இங்கே எதுதான் நிற்கவில்லை. பட்டாளத்துக்கு ஆள்பிடிக்கத் தொடங்கியதும் மற்ற வீட்டுப் பையன்களைப் போல உன் மகனும் கிடைத்த வழியில் மலேசியாவுக்குப் போய்ச் சேர்ந்தான். உனக்குக் கால் வீங்கத் தொடங்கியது. இதயம் என்றார் டாக்டர். ஆறு மாடிப் படியிலும் உன்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டி, நம் தெருவாசிகள் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் உன் முழங்கை இடித்தது. அப்போதும் நீ அவர்களைத்தான் பார்த்து மெதுவாக, மெதுவாக என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்ப ஏறவே இல்லை. வந்தால் மறுபடி வெளியே போகவே முடியாது என்று நீயேதான் உன் மகனை வர வேண்டாம் என்றாய். போனில் அவன் அழுதான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நீ அவனுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது.

"படத்துல அம்மா நடக்கறேன்டா. வந்ததும் பாரு. நடந்து வந்து நம்ம வீட்டுக் கயித்தத்தான் இழுப்பேன்."

தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத பிள்ளைக்கு நீ விட்டுப்போனது அது ஒன்றுதான். அதனால்தான் படம் வந்த வாரமே முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். நான் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்று அவன் அங்கே காத்துக்கொண்டிருந்தான்.

கயிற்றுக் காட்சி வந்தது. நடந்து வந்தது நீ இல்லை. கதாநாயகியாக நடித்த சிவத்த பெண். வேறொரு நாளில் அவளை வைத்து அதைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். கட்டிடம் உன்னுடையது, கயிறு உன்னுடையது, நிற்கிற நிலை உன்னுடையது, உள்ளங்கையைக் குழித்த விதம்கூட உன்னுடையது. இரண்டாவது தடவை மெதுவாக இழுக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பக்கத்து இருக்கைக்காரி மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் குவியல் வந்தது. நீ கண்ணிமைக்கும் நேரம் அதில் இருந்தாய். பின்வரிசையில் யாரோ, நம்மை இளக்காரமாகக் கூப்பிட வைத்திருக்கும் அந்தச் சொல்லைச் சொல்லி, ஜாம்பியிலும் இவங்கதானா என்றான். அந்த வரிசையே சிரித்தது. கடைசியில் எழுத்து ஓடியது. பிரியாணி கொடுத்த கடையின் பெயர் ஓடியது. நாயைக் கொண்டுவந்தவர் பெயர் ஓடியது. உன் பெயர் ஓடவில்லை.

அன்று டைரக்டரும் வந்திருந்தார். விளக்குப் போட்டு, மேடையில் நாற்காலி போட்டு, பார்த்தவர்களைக் கேள்வி கேட்கச் சொன்னார்கள். ஒரு இளைஞன் எழுந்து, கிழக்காசியாவில் எல்லாரும் ஜாம்பியைப் புதிதாக்குகிறார்கள், நீங்கள் அவர்களையும் தாண்டிவிட்டீர்கள், அந்தக் கயிறு எப்படித் தோன்றியது என்று கேட்டான். சின்ன வயதில் தன் வீட்டில் தொங்கிய கயிற்றைப் பார்த்துத் தோன்றியதாம். அடக்கமாகச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

நான் எழுந்தேன். மைக் என் கைக்கு வந்தது. சயா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதை நடந்து காட்டியது ஒரு பெண், எங்கள் தெருவில், அவள் வீட்டுக் கயிற்றில், நானும் அங்கே இருந்தேன், நீங்களும் இருந்தீர்கள் என்றேன். அவர் என்னைக் கனிவாகவே பார்த்தார். அந்தக் கனிவை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அவங்க எந்த ஆளு, ஆன்ட்டி? எல்லாருமே மேக்கப்புல இருந்தாங்களே" என்றார்.

கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் உன் பெயரைச் சொன்னேன். சத்தமாக, உன் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். திரும்பவும் சொன்னேன். மூன்றாவது முறை சொல்வதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். உன் கட்சிதான் சரி என்று வழியெல்லாம் தோன்றியது. காமிரா எப்படி ஓட வேண்டும், ரத்தம் எந்த நிறத்தில் இருக்க வேண்டும், ஆள் எப்படி விழ வேண்டும் என்பதையெல்லாம் அந்த மனிதர் கொரியாவிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறார். செத்தவளுக்கு ஒரு பெயர் உண்டு என்ற ஒன்றைத்தான் கற்கவில்லை. அவர் படத்தில் அழத் தகுந்த பிணம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் சிவத்த பிணம். மற்றதெல்லாம் விறகு.

உன் மகனின் அழைப்பை நான் எடுக்கவில்லை. நாலைந்து தடவை கூப்பிட்டான். என்ன சொல்வது? அம்மா நடக்கவில்லை, எரிகிற குவியலில் கிடக்கிறாள், போய்ப் பார் என்றா? நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ படத்தைத் திருட்டுத்தனமாக இணையத்தில் போட்டுவிட்டார்கள். நேற்று மத்தியானம் அவன் மறுபடி கூப்பிட்டான். எடுத்தேன்.

"பாத்துட்டேன் ஆன்ட்டி" என்றான்.

நான் அந்த டைரக்டரைத் திட்ட ஆரம்பித்தேன். தமிழில் தொடங்கி, போதாமல் பர்மியத்துக்குத் தாவி, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னான். குவியலில், இடதுபக்கம், பக்கத்தில் நான். எல்லாரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள் அல்லவா, நீ மட்டும் திறந்துதான் வைத்திருக்கிறாயாம். அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி ராத்திரியெல்லாம் பார்த்திருக்கிறான்.

"அம்மா வாய் அசையுது ஆன்ட்டி. மியூசிக் போட்டு மூடிட்டாங்க, ஒண்ணும் கேக்கல. உங்ககிட்டதான் என்னமோ சொல்றாங்க. என்ன சொன்னாங்க?"

எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று தார் ரோடு முதுகைப் பொசுக்கியது. என் கால்மேல் ஒரு ஆள் கிடந்தார். புகையைக் கிளப்பிவிட்டு, பிணங்கள் யாரும் அசையக்கூடாது என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் காட்சி கெட்டுவிடும் என்ற பயத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே கிடந்தேன். அவர்கள் கட் என்று சொல்லவே இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீ என் பக்கம் திரும்பவில்லை. வானத்தைப் பார்த்தபடியே உதட்டை லேசாகத் திறந்து சொன்னாய். அதை அப்படியே உன் மகனுக்குச் சொன்னேன்.

"மூச்ச விடுடி. அவங்களுக்குத் தெரியாம விட்டுக்கிட்டே இரு."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்தப் பக்கம் அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. காகிதம் இல்லாமல், ரோட்டில் போலீஸைப் பார்த்தால் ஒதுங்கி ஒதுங்கி அங்கே பிழைக்கிற அவனும், கோபத்தை வெளியே காட்ட இடமில்லாத இந்த ஊரில் நானும், இப்போதைக்கு நீ சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.